ருசி பார்க்கிற தட்டு

ரயில்வே கேட்டின் கட்டை ஆட்டோவின் மூக்குக்கு நேரே வந்து இறங்கியது. இன்னும் ஒரு மூச்சு முன்னால் வந்திருந்தால் அந்தப் பக்கம் போயிருக்கலாம். போயிருந்தால் காற்று முகத்தில் அடித்திருக்கும், மார்க்கெட் வந்திருக்கும், வெண்டைக்காயை நுனி ஒடித்துப் பார்த்து வாங்கியிருப்பாள், வீடு வந்திருக்கும், நடந்ததையெல்லாம் வெண்டைக்காயோடு சேர்த்து நறுக்கித் தள்ளிவிட்டு அடுப்பைப் பார்த்திருப்பாள். இப்போது சும்மா உட்கார வேண்டும். சும்மா உட்காருவது தமயந்திக்கு ஆகவே ஆகாத காரியம். டாக்டர் வீட்டு பெஞ்சில்கூட அரை நிமிஷம் தாங்காமல் எழுந்து போய், மின்விசிறி ஏன் இப்படிக் கத்துகிறது என்று கேட்டுவிட்டு வருகிறவள். ஆட்டோக்காரர் இன்ஜினை அணைத்தார். அணைத்த உடனே அந்தக் குரல் மறுபடி கேட்டது. "யாரு மேடம் சொன்னாங்க?" அதட்டல் இல்லை, முறைப்பு இல்லை. ஜவுளிக்கடையில் 'என்ன விலையில பாக்கறீங்க' என்று கேட்கிற பெண்ணின் குரல் மாதிரி அத்தனை இதம். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள் நாகஜோதி. ஜெயிலின் தலைமை வார்டர். காக்கிப் புடவையில் ஒரு மடிப்புக் கலையாது. இடுப்புச் சாவிக்கொத்தை உள்ளங்கையில் பொத்திக்கொண்டே நடப்பாள், வருவதும் போவதும் யாருக்கும் கேட்காது. கேட்டுவிட்டுத் தமயந்தியின் முகத்தைப் பார்த்தாளா என்றால், இல்லை. சமையல்கட்டுப் பக்கம் பார்த்தாள். அந்தப் பார்வைதான் இப்போது வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறது. கேள்வி இங்கே, பார்வை அங்கே. பதிலை அவள் எதிர்பார்க்கவே இல்லை. அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ள யாரும்மா? வீட்டுக்காரரா?" ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். ஜெயில் வாசலில் ஏறுகிறவர்களுக்கென்றே எடுத்து வைத்திருக்கிற குரல். "அது பொம்பளைங்க ஜெயில்ப்பா. வீட்டுக்காரர் எப்படி உள்ள இருப்பாரு, கொஞ்சமாவது யோசிச்சுக் கேக்க மாட்டியா?" "அட, ஆமால்ல. அப்ப மருமகளா?" "எனக்கு மருமகளே கிடையாது." "அதானே பாத்தேன். மருமக வர்றதுக்கு முன்னாடியே மாமியாருக்கு ஜெயில் வழி தெரிஞ்சுபோச்சா!" அவரே சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். வேறொரு நாளாக இருந்தால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றிருக்கும், நிறுத்துகிற மாதிரி ஒன்றைச் சொல்லியிருப்பாள். இன்றைக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. இந்த நாக்கு. இதனால்தானே அந்தப் பதவியே வந்தது. தெருமுனைக் குப்பைத் தொட்டிக்காகக் கலெக்டர் ஆபீசுக்கு நடையாய் நடந்து, குறைதீர்க்கும் நாளில் மைக்கைப் பிடுங்காத குறையாகப் பேசி, கடைசியில் அங்கே எவரோ சலித்துப்போய், இந்தம்மாவுக்கு வாய் இருக்கிறது, ஜெயிலுக்குப் போய்ப் பேசட்டும் என்று பெயரை எழுதி அனுப்பியிருக்க வேண்டும். பெண்கள் சிறைக்கு அரசாங்கம் நியமித்த பார்வையாளர். சம்பளம் கிடையாது, ஆபீசர் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் போகலாம், பார்க்கலாம், உள்ளே இருப்பவர்களிடம் பேசலாம், குறை இருந்தால் மேலே சொல்லலாம். போனாள், பார்த்தாள், சொன்னாள். சும்மா சொல்லக்கூடாது, சொன்னது நடந்தும் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வந்தது. அடைத்துக்கொண்டு கிடந்த குளியலறைச் சாக்கடையைக் குத்திவிட்டார்கள். தூரமானால் பழைய புடவைத் துணியைக் கிழித்துக்கொண்டிருந்த பெண்களுக்குக் கடைத்துணி வந்தது. சூப்பிரண்டு சின்னப் பெண், நல்ல பெண், செய்ய வேண்டும் என்று நினைக்கிற பெண். "நீங்க வந்தப்புறம்தான் ஆன்ட்டி எனக்கே சில விஷயம் தெரியுது" என்றாள் ஒரு தரம். அதைத் தமயந்தி வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பாள், புருஷன் சபாபதியே தூக்கத்தில் ஒப்பிப்பார். பெருமை. தலைக்குள் போன காற்று.

ருசி பார்க்கிற தட்டு என்று ஒரு வழக்கம் உண்டு அங்கே. சமையல் முடிந்ததும், வரிசைக்குப் போவதற்கு முன்னால், ஒரு எவர்சில்வர் தட்டில் சோறும் சாம்பாரும் பொரியலும் எடுத்து, மேலே இன்னொரு தட்டைக் கவிழ்த்து, சூப்பிரண்டிடம் கொண்டுவருவார்கள். பார்வையாளர் வந்திருந்தால் அவரிடம். ஒரு வாய் வைத்து 'நல்லாருக்கு' என்று சொன்னால்தான் உள்ளே பரிமாறுவார்கள். போன ஒவ்வொரு தடவையும் வாயில் வைத்தாள், ஒவ்வொரு தடவையும் நல்லாருக்கு என்றாள். நன்றாகத்தான் இருந்தது. இத்தனை வருஷம் கரண்டி பிடித்தவளுக்கு அது உறைக்கவில்லையே, இத்தனை பேருக்கு ஒரே அண்டாவில் கொதிக்கிற சாம்பார் எப்படி வீட்டுச் சாம்பார் மாதிரி மணக்கும் என்று ஒரு நாளாவது தோன்றியதா. குருவம்மா சொல்லித்தான் தெரிந்தது. சமையல்கட்டில் வேலை பார்க்கிற கைதி. என்ன கேஸ் என்று தமயந்தி கேட்டதில்லை, யாரிடமும் கேட்பதில்லை என்று முதல் நாளே வைத்துக்கொண்ட வைராக்கியம். குளியலறையில் தண்ணீர் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்கப் போனபோது குருவம்மாதான் கூட வந்தாள், குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள், எவ்வளவு வேகம் பாருங்கள் என்று காட்டுவதுபோல. வாளியில் தண்ணீர் விழுகிற சத்தத்துக்குள் குனிந்தபடியே சொன்னாள். "நீங்க ருசி பாக்குறது எங்க சாம்பார் இல்ல தாயி. அது ஸ்டாப்புக்குன்னு இருக்குற அடுப்புல தனியா வைக்கிறது. எங்க சாம்பாருக்குத் தாளிப்பே கிடையாது. எண்ணெ, பருப்பு எல்லாம் சாக்கோட வெளிய போயிருது. பிள்ளத்தாச்சி ஒருத்தி கெடக்கா உள்ள, அதான் மனசு கேக்கல. நாஞ் சொன்னேன்னு மட்டும் சொல்லிராதீக. ஞாயித்துக்கெழம எம் மகன் மனுப் பாக்க வாரான்." மனுப் பார்ப்பது என்றால், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் நின்று சொந்தக்காரர்கள் பேசிவிட்டுப் போவது. மகனுக்கு என்ன வயசு என்று கேட்க வாயெடுத்தாள் தமயந்தி, அதற்குள் குழாயை மூடிவிட்டாள் குருவம்மா. மூடியதும் அப்படி ஒரு அமைதி. திரும்பினால் வாசற்படியில் நாகஜோதி நின்றிருந்தாள், சாவி சத்தமில்லாமல். "தண்ணி நல்லா வருதா மேடம்?"

அத்தோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து, சூப்பிரண்டைத் தனியாகப் பார்த்து, வேறு ஏதோ வழியில் தானாகக் கண்டுபிடித்த மாதிரி ஆரம்பித்திருக்கலாம். எத்தனை வழி இருந்தது, இப்போது வரிசையாக வந்து நிற்கிறது ஒவ்வொன்றும். ஆனால் தட்டு வந்தது, மேல்தட்டைத் தூக்கினாள் நாகஜோதி, கடுகும் கறிவேப்பிலையும் நெய்யில் பொரிந்த வாசனை குப்பென்று ஏறியது, அவ்வளவுதான். காய்கறிக்காரன் அடியில் சொத்தையை வைத்துக் கட்டியதைக் கையும் களவுமாகப் பிடித்த அதே துள்ளல், அதே திமிர். யோசிக்கவில்லை. யோசனைக்கு முன்னால் ஓடுகிற வாய். "அட! தாளிச்சுல்ல கொட்டியிருக்கு! தாளிப்பே கிடையாதுன்னு சொன்னாங்களே?" சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தாள் வேறே, எப்படிப் பிடித்தேன் பார் என்று. "யாரு மேடம் சொன்னாங்க?" என்றாள் நாகஜோதி. "யாரோ. பொதுவா. வெளியில பேசிக்கிட்டாங்க." தனக்கே கேட்காத குரலில் என்னவோ உளறினாள். சமையல்கட்டில் அண்டாவின் பக்கம் நின்றிருந்த குருவம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். மெதுவாக வைத்தாள், சத்தம் வராமல். முகத்தில் கோபம் இருந்திருந்தால் பரவாயில்லை. ஒன்றுமே இல்லை. கூரையில் விரிசல் விட்டதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அது விழுந்ததும் 'ம்' என்பார்களே, அந்த முகம். தமயந்தி என்ன செய்தாள்? கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நேரமாச்சு என்றாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, குனிந்து, அந்தப் பெரிய கதவுக்குள் இருக்கிற சின்னக் கதவு வழியாக வெளியே வந்து, கை காட்டி ஆட்டோவை நிறுத்தி, உட்கார்ந்து, புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டாள்.

கேட்டுக்கு இந்தப் பக்கம் வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருத்தன் பைக்கைப் படுக்கவைத்துக் கட்டைக்கு அடியில் நுழைக்கப் பார்த்தான், கேட்கீப்பர் கத்தினார். வேர்க்கடலைக்காரன் ஆட்டோ ஆட்டோவாக எட்டிப் பார்த்துக்கொண்டு போனான். வறுத்த வாசனை வந்ததும் உப்புமா, ஏன் உப்புமா இப்போது, வேண்டாம். வந்துவிட்டது. கான்வென்ட் ஹாஸ்டல், நீள மேசை, அலுமினியக் கிண்ணத்தில் உப்புமா, அதில் வெள்ளையாக, கறுப்புத் தலையோடு. மதர் ப்ரொவின்ஷியல் வந்திருந்தார்கள், சிஸ்டர்களுக்கெல்லாம் தலைவி, பெரிய இடத்திலிருந்து, வெள்ளைக்கார மூக்கும் தமிழ்ச் சிரிப்புமாக. தமயந்திக்கு அப்போது பன்னிரண்டு வயசு, வகுப்பிலேயே நல்ல இங்கிலீஷ், அதனால் பூங்கொத்துக் கொடுக்கிற வேலை அவளுக்கு. கொடுத்துவிட்டு, கிட்டத்தில் குனிந்த அந்தக் காதில் சொன்னாள், மதர், உப்புமாவில் புழு இருக்கிறது. ரகசியமாகத்தான் சொன்னாள். மதர் சிரித்தார்கள். தோளில் கை போட்டு அணைத்துக்கொண்டு, அத்தனை பேர் முன்னாலும் ஹாஸ்டல் சிஸ்டரைக் கூப்பிட்டு, "சிஸ்டர், இந்தக் குட்டிக்குக் கண் ரொம்பக் கூர்மை, உங்க உப்புமாவுல புழு கண்டுபிடிச்சிருக்கா" என்றார்கள். எல்லோரும் சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் இன்றைக்குப் பார்த்தது, அதே சிரிப்பு, காக்கியில். மதர் கெட்டவர்கள் இல்லை. அதுதான் தாங்கவில்லை இப்போது. நல்லவர்கள். கார் கிளம்பியபோது பின் கண்ணாடி வழியாக அவளுக்கென்று தனியாகக் கையாட்டினார்கள். தமயந்தி அந்தக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள், திரும்பு, திரும்பு, திரும்பு. கார் மரங்களைத் தாண்டியது. யாரும் அவளை அடிக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக் கறிச்சோறு யாருக்கும் இல்லை என்று சிஸ்டர் மேசைமேசையாகப் போய்ச் சொன்னாள், உணவு பிடிக்கவில்லை என்று தமயந்தி புகார் செய்திருக்கிறாளே என்று. அவ்வளவுதான், வேறொன்றும் செய்யத் தேவைப்படவில்லை. மற்றதை மற்றப் பிள்ளைகள் செய்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்தால் முழங்காலை நகர்த்திக்கொள்வார்கள். அந்த முழங்கால் நகர்கிறது இன்னும் தெரியும் அவளுக்கு, பாவாடை மடிப்போடு.

அப்படியென்றால் அங்கே? அடிப்பார்கள் என்று இல்லை. இன்றைக்கு டீ கிடையாது என்பார்கள். ஏன் என்று கேட்டால், சாப்பாடு பிடிக்கலையாமே உங்களுக்கு, குருவம்மா சொன்னாளாமே என்பார்கள். அது போதும். இருட்டுவதற்கு முன்னால் எல்லோரையும் அறைக்குள் விட்டுப் பூட்டிவிடுவார்கள், லாக்கப். பூட்டியபிறகு உள்ளே டீ கிடைக்காத நாற்பது பேரும் குருவம்மாவும். இல்லை, அப்படியெல்லாம் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையன் வந்து நிற்பான், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பார்க்க முடியாது போ என்று அனுப்பிவிடுவார்கள், அவ்வளவுதான் ஆகும். அவ்வளவுதானா? வேறே ஜெயிலுக்கு மாற்றிவிட்டால்? பையன் பஸ்ஸுக்குக் காசு வைத்துக்கொண்டு வருவானோ என்னவோ, யாரோடு வருவான், வயசைக் கேட்டிருக்க வேண்டும், கேட்டிருந்தால் இத்தனை பயமாக இருந்திருக்காது, இல்லை, இன்னும் பயமாக இருந்திருக்கும். சூப்பிரண்டுக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தது. சென்னையில் மீட்டிங் என்று அங்கேயே சொன்னார்களே. கிடைத்தாலும் என்ன சொல்வாள்? அந்தப் பெண் விசாரிக்கிறேன் ஆன்ட்டி என்பாள், நாகஜோதியைக் கூப்பிட்டுத்தான் விசாரிப்பாள், வேறு யாரை? போனை மடியில் வைத்தாள். அதே நேரம் அது அதிர்ந்ததில் தூக்கிவாரிப்போட்டது. சபாபதி. "எங்க இருக்க? டிகாஷன் எங்க வச்சிருக்க?" "ஃபில்டர்ல இருக்கும் டிகாஷன். பீரோவுலயா வைப்பாங்க?" "கோவிச்சுக்காதடி. குரல் என்ன ஒரு மாதிரி இருக்கு?" சொல்லலாம். சொன்னால் அவர் நல்லபடியாகத்தான் பேசுவார், நீ வேணும்னா பண்ணின, விடு, உனக்கென்ன தலையெழுத்து, வீட்டுக்கு வா என்பார். வீட்டுக்கு வா என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயமாக இருந்தது, சொன்னால் போய்விடுவாள். "கேட்டு போட்டிருக்கான். வைக்கறேன்" என்றாள்.

திரும்பிப் போனால்? போய் என்ன சொல்வாய்? குருவம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று சொல்வாயா, அதைவிட அவளைக் காட்டிக்கொடுக்க வேறு வழி வேண்டுமா. போனால் இன்னும் கெடும். போகாவிட்டால்? அந்தச் சின்னக் கதவு. முதல் நாள் குனியத் தெரியாமல் நெற்றியில் இடித்துக்கொண்டாள், பார்த்துங்க மேடம் என்றாள் நாகஜோதி, அன்றைக்கும் இதே இதம். உள்ளே போனதும் பின்னால் தாழ்ப்பாள் விழும், அந்த ஓசை ஒவ்வொரு தடவையும் முதுகுத்தண்டில் விழும். யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமேகூட. ஒரு நாள் திறக்காமல் போனால் என்ற நினைப்பு, இது என்ன பைத்தியக்காரத்தனம், நீ பார்வையாளர், கலெக்டர் கையெழுத்துப் போட்ட அட்டை பையில் இருக்கிறது. அட்டை. பிள்ளைத்தாச்சிப் பெண் தாளிப்பில்லாத தண்ணீரைக் குடித்துக்கொண்டு உள்ளே இருக்கிறாள், இவள் அட்டையைப் பையில் வைத்துக்கொண்டு நல்லாருக்கு, நல்லாருக்கு என்றிருக்கிறாள் மாதாமாதம். நாகஜோதிக்கு அண்ணன் தம்பி யார் யாரோ, சாக்கு வெளியே போகிறது என்றால் வாங்குகிறவன் ஒருத்தன் இருப்பான், தெரு தெரியும், வீடு தெரியும், சபாபதி சாயங்காலம் தனியாக நடக்கப் போவார். ச்சீ, அவரை ஏன் இழுக்கிறாய். பயத்துக்குப் புருஷனைத் துணைக்கு இழுக்கிறாய். மதருக்கும் இப்படித்தான் ஏதாவது இருந்திருக்குமா, காருக்குள், அந்தக் கையாட்டலுக்குப் பிறகு? இல்லை. மதர் மறந்துபோயிருப்பார்கள். அடுத்த ஊரில் அடுத்த பூங்கொத்து. வெயில் சாய்ந்து கேட்டுக் கட்டையின் நிழல் ஆட்டோவுக்குள் வந்து மடியில் விழுந்தது. நிழல் நீளமாகிறது. லாக்கப்புக்கு முன்னால் சாப்பாடு. தட்டு வந்தது, ருசி பார்த்தாயிற்று, அப்படியென்றால் இப்போது எடுத்து வைத்துக்கொண்டிருப்பார்கள். நல்லாருக்கு என்று சொன்னாளா இன்றைக்கு? நினைத்துப் பார்த்தாள். சொல்லவே இல்லை. வாயில் வைக்கவே இல்லை.

ரயில் வந்தது. கூட்ஸ். பெட்டி பெட்டியாக, முடிகிற மாதிரியே இல்லாமல், ஆட்டோ அதிர, பல் அதிர, ஒவ்வொரு பெட்டிக்கும் நடுவில் அந்தப் பக்கத்து மார்க்கெட் ஒரு கீற்றாகத் தெரிந்து தெரிந்து மறைந்தது. கடைசிப் பெட்டி போனதும் கட்டை மேலே ஏறத் தொடங்கியது, எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்தது. "திருப்புப்பா" என்றாள். "என்னம்மா?" "வண்டியைத் திருப்பு. ஜெயிலுக்குப் போ." "இந்தக் கூட்டத்துல எங்கம்மா திருப்பறது, பின்னாடி பஸ்சு நிக்குது பாருங்க!" "நான் இறங்கி நிறுத்தறேன், நீ திருப்பு." இறங்கினாள். கையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு முன்னால் போய் நின்றாள். டிரைவர் தலையை வெளியே நீட்டி அவள் பரம்பரையையே இழுத்தான், அவள் பதிலுக்கு ஒன்று கொடுத்தாள், என்ன கொடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது. எதிர்ச் சாரியில் ஏறியதும் ஆட்டோக்காரர் கண்ணாடியில் அவளைப் பார்த்தார். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "யாரும்மா உள்ள?" "எனக்கு வேண்டியவ ஒருத்தி" என்றாள். "நான் வர்ற வரைக்கும் வாசல்ல நில்லு. போயிடாதே."

குனிந்தாள். தாழ்ப்பாள் பின்னால் விழுந்தது. "என்ன மேடம், எதையாவது மறந்துட்டீங்களா?" நாகஜோதி. "ஆமா. சாப்பிட மறந்துட்டேன்." "ஆபீஸ்ல உக்காருங்க மேடம், தட்டு கொண்டுவரச் சொல்றேன்." "தட்டு வேண்டாம். அவங்க வரிசையில உக்காந்து சாப்பிடறேன். அண்டாவுல இருக்கறதை." "மேடம், ரூல்ஸ்ல அப்படி..." "ரூல்ஸ் நானும் படிச்சிருக்கேன் நாகஜோதி. லாக்கப் வரைக்கும் நான் எங்க வேணும்னாலும் உக்காரலாம்." அப்படி ஒரு ரூல் இருக்கிறதா என்று அவளுக்குத் தெரியாது. நடந்தாள். சிமெண்டுத் தரையில் பெண்கள் தட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒருத்தியும் நிமிரவில்லை. நடுவில் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்துப் பெண் முழங்காலை நகர்த்திக்கொண்டாள். அண்டாவருகில் கரண்டியோடு நின்றது வேறு யாரோ. வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தாள், மறுபடி பார்த்தாள், குருவம்மா இல்லை. பெயர் நாக்கு நுனியில் வந்து நின்றது. இப்போது சொன்னால் இரண்டாவது தடவை காட்டிக்கொடுப்பது. விழுங்கினாள், கல்லை விழுங்குகிற மாதிரி. "எல்லாரும் வந்தாச்சா?" என்றாள். "ஆச்சு மேடம்." "எல்லாரும் வந்தப்புறம் சாப்பிடறேன். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல." அவசரமில்லை என்று அவள் வாழ்க்கையில் சொன்னதே இல்லை. உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்தாள். யாரும் சாப்பிடவில்லை, சோறு ஆறிக்கொண்டிருந்தது, சுவரில் வெயில் மஞ்சளாகி மேலே ஏறியது, எங்கோ குழந்தை ஒன்று அழுதுவிட்டு நிறுத்தியது. நாகஜோதி நின்றாள். அப்புறம் சாவிக்கொத்து ஒலித்தது, முதல் தடவையாக, கையை விட்டு இடுப்பில் மோதி. அவள் பின்கட்டுப் பக்கம் போனாள். திரும்பி வந்தபோது பின்னால் குருவம்மா. முழங்கைவரை ஈரம், சேலைக் கொசுவம் சாக்கடைத் தண்ணீரில் தோய்ந்திருந்தது, கண் சிவந்திருந்தது, அழுததா வேறெதுவுமா தெரியவில்லை. தமயந்தியை ஒருமுறைகூடப் பார்க்காமல் கடைசியில் போய் உட்கார்ந்தாள். தட்டில் சாம்பார் விழுந்தது. மஞ்சள் தண்ணீர், அடியில் இரண்டு பருப்பு. தமயந்தி பிசைந்து ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய் வைத்தாள். "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள், பிறகு யாரைப் பார்த்தும் இல்லாமல், தேவைக்கு மேல் சத்தமாக, "நாளைக்கும் வருவேன்" என்றாள். குரல் பிசிறி, பன்னிரண்டு வயசுக் குரலாக வந்தது. "நாளன்னிக்கும் வருவேன். ஞாயித்துக்கிழமையும் வருவேன். இங்கதான் சாப்பாடு எனக்கு." கடைக்கோடியில் குருவம்மாவின் கை தட்டில் ஒரு கணம் நின்றது. தலை நிமிரவில்லை. அப்புறம் அவள் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் ஆரம்பித்த பிறகு, ஒவ்வொருத்தியாக, வரிசை முழுவதும்.